இரண்டாவது கன்னியம்மாள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் என் மருந்துக்கடை இருக்கிறது. கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. ஒருத்தர் வாங்கிய மருந்தை இன்னொருத்தரிடம் நான் சொன்னது கிடையாது. மாமியார் என்ன மாத்திரை வாங்கினார் என்று மருமகள் கேட்டாலும் சரி, புருஷனுக்குச் சர்க்கரையா என்று பெண்டாட்டி கேட்டாலும் சரி, இந்தச் சகாதேவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. எதிர்க்கடை பெட்டிக்கடைக்காரன் ஊர் நியூஸ் எல்லாம் சொல்வான், அவனிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இதை எழுதுவது என் பெருமையைப் பாட அல்ல. மணிமொழி என்கிற பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் அவள் கதையில் என் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளை மட்டும் எழுதினால் அது அயோக்கியத்தனம்.

மணிமொழிக்கு ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கண்ணாயிரம், நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போடுகிறவர். ஒரே பெண். கிர்கிஸ்தானில் ஓஷ் என்ற ஊரில் ஆறு வருடம் மருத்துவம் படித்தாள். அவள் விமானம் ஏறிய அன்றைக்கே கண்ணாயிரம் கீழ்பென்னாத்தூர் கூட்டுரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பெயருக்கு முன்னால் டாக்டர். பெண் ஒரு நாள்கூட வகுப்பில் உட்காரவில்லை, அதற்குள் டாக்டர். அந்த மனுஷனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அந்தக் கிராமத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். முந்நூறுக்கு நூற்றைம்பது எடுத்தால்தான் பாஸ். பாஸானால்தான் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர முடியும். அந்தப் பயிற்சியையும் முடித்தால்தான் உண்மையில் டாக்டர். இதெல்லாம் ஊருக்கு யார் விளக்குவது? அவள் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே வீட்டு வாசலில் எக்ஸ்ரே கவர்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் இன்னும் மருந்து எழுதக் கூடாது என்று அவள் சொன்னால், ஃபாரின்ல படிச்ச திமிரு என்றார்கள். முதல் தேர்வில் ஃபெயிலானதும் அதே ஆட்கள், காசு குடுத்து வாங்கின படிப்புதானே என்றார்கள். அப்போதுதான் அவள் ஊரை விட்டு வேங்கிக்காலுக்கு வந்து, என் கடைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தாள். சொந்த ஊர் பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. ஓஷில் இருந்தபோதுகூட அவ்வளவு தூரமாக இல்லை என்று ஒரு தடவை சொன்னாள்.

முதல் நாள் அவள் கடைக்கு வந்தது தலைவலிக்கு. மருந்தின் கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டாள். இந்த ஊரில் அப்படி யாரும் கேட்பதில்லை.

"டாக்டரா?" என்றேன்.

"இன்னும் இல்லண்ணா."

நான் கொடுத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கம்பெனிப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "எனக்கு இங்கத்து மருந்து பேர் ஒன்னுமே தெரியாது. நாளைக்கு ஆஸ்பத்திரில நின்னா நர்ஸுங்க சிரிப்பாங்க," என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து அலமாரியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை என் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. வாம்மா என்றேன். அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு தட்டு மருந்துகளை எடுத்துப் பெயரையும் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். சந்தேகம் வந்தால் கேட்பாள். எனக்குத் தெரிந்தால் சொல்வேன், தெரியாததையும் ஒரு தோரணையோடு சொல்லி வைப்பேன். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அது தப்புண்ணா என்பாள். டாக்டர்கள் கையெழுத்தைப் படிப்பது எப்படி என்பதில் மட்டும் நான் அவளைத் திணற அடித்தேன். கோழி கிளறியதுபோல் இருந்த ஒரு சீட்டைப் பார்த்து அவள் முழித்த முழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "காலைலேர்ந்து நான் பேசற மொத ஆள் நீங்கதாண்ணா. சில நாள் கடைசி ஆளும் நீங்கதான்."

நான் விளையாட்டாக, "ஏன், ஃபிரெண்டுங்க இல்லையா?" என்றேன். ஓஷில் ஒரே ஹாஸ்டலில் ஐந்து பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்களாம். திரும்பி வந்ததும் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பாஸாகி ஆஸ்பத்திரிக்குப் போனாள், குரூப்பில் பேச்சு குறைந்தது. ஃபெயிலானவளிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் இவளும் இன்னொருத்தியும் மட்டும் மிஞ்சினார்கள். அந்த இன்னொருத்தியும் தேர்வே வேண்டாம் என்று கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று ரஷ்ய மொழியில் கேட்க இவளுக்கு நன்றாகத் தெரியும். இங்கே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் அம்மா கன்னியம்மாள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள் என்பதால் ரோடு முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தில் இரண்டு பஸ் மாறி, கையில் கூடையோடு வந்து இறங்குவாள். கூடையில் குழம்பு, வறுத்த மல்லாட்டை, ஒரு வாரத்துக்கு இட்லிப் பொடி. நேராக மகள் அறைக்குப் போவாள். கதவைத் தட்டுவாள், கூடையைக் கொடுப்பாள், காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். உள்ளே போக மாட்டாள். உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் படிப்பு கெடும் என்பது அவள் கணக்கு. பிறகு என் கடைக்கு வந்து, மகளைப் பற்றி என்னிடம் விசாரிப்பாள்.

"நல்லா படிக்கிறாளாண்ணா? சாப்பிடறாளா? எளைச்ச மாதிரி இருக்குது."

"கதவுகிட்ட நின்னு பாத்தா எளைச்ச மாதிரிதான் தெரியும். உள்ள போய் ஒக்காந்து பாரு," என்பேன்.

தாய்க்கும் நான் அண்ணன், மகளுக்கும் நான் அண்ணன். எங்கள் பக்கம் கடைக்காரனுக்கு வயது கிடையாது. தாய் பன்னிரண்டரைக்குக் கிளம்புவாள், மகள் ஒரு மணிக்கு வருவாள். அம்மா என்ன சொன்னாங்க என்று அவளும் என்னிடம்தான் கேட்பாள். ஒரே கல்லாவுக்கு முன்னால் அரை மணி இடைவெளியில் இரண்டு பேரும் நின்று, ஒருத்தியைப் பற்றி ஒருத்தி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மணிமொழி இரண்டாவது தடவை தேர்வு எழுதுவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, கன்னியம்மாள் வழக்கமாக விசாரித்துவிட்டுப் போகாமல் நின்றாள். கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"கட்டி கரையறதுக்கு மாத்திர இருக்குதாண்ணா?"

"எங்க கட்டி?"

"ஒடம்புலதான்." முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். "நோவு ஒன்னும் இல்ல. கொட்டப்பாக்கு அளவுக்கு இருக்குது. அப்படியே இருக்குது, போவ மாட்டேங்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வயதுப் பெண்ணுக்கு, வலி இல்லாத கட்டி அந்த இடத்தில் வந்தால் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இதோ பெரிய ஆஸ்பத்திரி, ஆட்டோவில் ஐந்து நிமிஷம், பெண் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அதட்டியே சொன்னேன்.

"என் பொண்ணு பாத்துக்குவா," என்றாள்.

"அவ இன்னும் பரீட்சையே பாஸ் பண்ணலியேம்மா."

"அதனாலதான் சொல்றேன். ஊர்ல ஏற்கனவே ஒரு மாதிரி பேசறாங்க. நான் வேற டாக்டருகிட்ட போய்க் காட்டினா இன்னா சொல்லுவாங்க? பெத்தவளுக்கே அவ மேல நம்பிக்க இல்லனு சொல்ல மாட்டாங்களா? அப்புறம் அவளுக்கு அந்த ஊர்ல மரியாதை ஏது? மொதல்ல அவ கைதான் படணும்."

"சரி, அவகிட்டயாவது சொல்லு."

"ரெண்டு வாரத்துல பரீட்ச. இத காதுல போட்டா எழுதுவாளா? நீங்களும் சொல்லக் கூடாது. மலையப் பாத்துச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும். என் கடை வாசலிலிருந்தும் தெரியும். வியாபாரத்தில் வார்த்தை கொடுத்தாலும், பாகம் பிரித்தாலும், மலையைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பத்திரம் கேட்க மாட்டார்கள். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற ஆளும் இல்லை, பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற ஆளும் இல்லை. ஆனாலும் அவள் அப்படிக் கேட்டதும் கல்லாவை விட்டு இறங்கி வந்து, மலையைப் பார்த்து, சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். இரண்டு வாரம்தானே என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமான வேலை. அதில் ஒரு பெருமையும் இருந்தது.

இரண்டாவது தடவையும் மணிமொழி ஃபெயில். அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. கன்னியம்மாள் திங்கட்கிழமை வந்தாள். "பரவால்ல, அடுத்த தடவ," என்றாள். அது மகளின் தேர்வுக்கும் சொன்னது, தன் கட்டிக்கும் சொன்னது. நான் மறுபடி ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். அவள் வாயில் விரலை வைத்து வாசல் பக்கம் காட்டினாள். மணி பன்னிரண்டு ஐம்பது. மகள் வரும் நேரம்.

அந்த ஆறு மாதத்தில் கை வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்று வலி மாத்திரை கேட்க ஆரம்பித்தாள். நானும் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் வேறு கடையில் வாங்குவாள், இங்கே வந்தால் இரண்டு வார்த்தை சொல்லவாவது முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போன அரை மணி நேரத்தில் மகள் அதே இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அறுவை சிகிச்சைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பாள். ஒரு நாள் மார்பகக் கட்டி பற்றிய பாடத்தையே சத்தமாகப் படித்தாள். எது நல்லது, எது கெட்டது, தோல் எப்படி இருக்கும், அக்குளில் என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு வியர்த்துவிட்டது. ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அன்றைக்கு என்னால் அடக்க முடியவில்லை. "மணி, உங்கம்மாவ ஒரு தடவ நல்லா பாரு," என்றேன்.

"ஏண்ணா, அம்மாவுக்கு என்ன?"

அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். சொல்வதற்கு எல்லாம் வசதியாக இருந்தது. கடையில் ஆள் இல்லை, அவள் கேட்டாயிற்று, நான் ஆரம்பித்தாயிற்று.

"எளைச்சிட்டாங்க," என்றேன்.

"மல்லாட்ட புடுங்கற சீசன் ஆச்சே, வெயில்ல கெடப்பாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். நான் என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள், சத்தியமும் கெடவில்லை, சொன்ன மாதிரியும் ஆயிற்று.

மூன்றாவது தடவை அவளுக்கு நூற்று நாற்பத்தெட்டு. ரிசல்ட் வந்தபோது என் கடையில்தான் இருந்தாள். போனைப் பார்த்தாள், "ரெண்டு மார்க்," என்றாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மருந்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். இரண்டு மார்க் என்பது அவளுக்கு ஆறு மாதம். அவள் அம்மாவுக்கு எத்தனை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்காவது தடவை பாஸ். நூற்றெழுபத்தொன்று. மதியம் ஒன்றரைக்கு வந்து கல்லா முன்னால் நின்றாள். அம்மாவுக்கு நாலு தடவை போன் போட்டாளாம், நிலத்தில் இருப்பார்கள், எடுக்கவில்லை. அப்பா போன் சுவிட்ச் ஆஃப். "யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு, அதான் வந்தேன்," என்றாள். ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய சந்தோஷத்தைச் சொல்ல ஒரு மருந்துக்கடைக்காரன்தான் கிடைத்தான். பக்கத்துக் கடையில் கலர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

அந்தத் திங்கட்கிழமை கன்னியம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். "பாஸாயிட்டா. இனிமே இன்னாம்மா? இன்னைக்கே சொல்லு."

"ஆர்டர் வரணும் இல்லண்ணா. அவ ஆஸ்பத்திரில நாற்காலில ஒக்காரட்டும். நான் சீட்டு வாங்கினு போய் நிப்பேன். இவ்ளோ நாள் இருந்துட்டேன், இன்னும் ரெண்டு மூணு மாசந்தானே." அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. ஒரு பக்கத்துக் கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஆசையைச் சொன்னாள்.

பதிவு, சான்றிதழ், இடம் ஒதுக்குவது என்று மூன்று மாதம் ஓடியது. மணிமொழிக்கு நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்தது. முதலில் அறுவை சிகிச்சைப் பிரிவு. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் இங்கேயே ஐந்து வருடம் ஒன்றாகப் படித்த பிள்ளைகள், இவளைவிட ஐந்து வயது சின்னவர்கள். மரியாதையாக அக்கா என்பார்கள், டீ குடிக்கப் போகும்போது கூப்பிட மறந்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சாயங்காலம் வந்து, "மருந்து பேர் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுண்ணா, யாரும் சிரிக்கல," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

இனி எழுதுவது அவளே எனக்குச் சொன்னது. இரண்டாவது வாரம், புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்து சீட்டுகளை வாங்கி, விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள், வயது நாற்பத்தொன்பது என்று ஒரு சீட்டு வந்தது. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெயர் தெருவுக்கு இரண்டு இருக்கும். அன்று காலையிலேயே ஒரு கன்னியம்மாள் காலில் புண்ணோடு வந்து போயிருந்தாள். இவள் தலையைத் தூக்காமல், "ஒக்காருங்கம்மா, என்ன பண்ணுது?" என்று கேட்டாள்.

"நிமிந்து பாத்துக் கேளு டாக்டரம்மா."

கல்யாணங்களுக்குக் கட்டும் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, அவள் அம்மா நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மணிமொழி சிரித்தாள். தன்னை நாற்காலியில் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறாள், ஏதாவது சளி காய்ச்சல் என்று சொல்வாள் என்று நினைத்தாள். பின்னால் வரிசை நின்றது. "சொல்லும்மா சீக்கிரம், என்ன?" என்றாள்.

"மறைவா காட்டணும்."

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். முந்தானையை விலக்கிய உடனேயே தெரிந்துவிட்டதாம், தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தொட்டுப் பார்த்தாள். அக்குளிலும் பார்த்தாள். படித்தது ஒன்று விடாமல் அங்கே இருந்தது. அம்மா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி, "உன் கை ஜில்லுனு இருக்குதுடி," என்றாளாம்.

விவரம் எழுத வேண்டும். எத்தனை நாளாக இருக்கிறது என்பது முதல் கேள்வி.

"எத்தினி நாளாம்மா?"

"நீ ரெண்டாவது தடவ பரீட்ச எழுதின இல்ல, அதுக்கு முன்னாடி பாத்தேன். மூணாவது எழுதும்போது எலுமிச்ச அளவு. நீ பாஸாகும்போது கை மரத்துப்போச்சு."

மணிமொழி அந்தச் சீட்டில் பதினைந்து மாதம் என்று எழுதினாள்.

"யாருகிட்டயுமே சொல்லலியாம்மா?"

"மருந்துக்கட அண்ணனுக்குத் தெரியும். தங்கமான மனுஷன். குடுத்த வார்த்தைக்கு வாயே தொறக்கல."

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு மணிமொழி கடைக்கு வந்தாள். வந்து ஸ்டூலில் உட்காரவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மேலே எழுதியதை எல்லாம் அப்படியே, ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "நான் ரெண்டு மார்க்ல ஃபெயிலான அன்னைக்கு, அம்மா வந்தாங்களாண்ணா?"

"அடுத்த திங்கக்கெழம வந்தாங்க."

"மாத்திர வாங்கினாங்களா?"

"வாங்கினாங்க."

"அன்னைக்கு நானும் இங்கதான் இருந்திருப்பேன்."

"நீ அரை மணி நேரம் கழிச்சு வந்தே."

அவள் தலையை ஆட்டினாள். "தப்பு உங்களோடது மட்டும் இல்லண்ணா. வாரா வாரம் கூடைய வாங்கிக்கினு கதவ சாத்தினது நான்தான். ஒரு தடவ உள்ள வாம்மானு கூப்ட்டிருந்தா, வந்து கட்டில்ல ஒக்காந்திருப்பாங்க. கை தூக்க முடியாதத பாத்திருப்பேன். நான் டாக்டரு." கடைசி வார்த்தையை அவ்வளவு வெறுப்பாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் போன பிறகு நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தாறு வயது ஆள் அழுதான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோய் மூன்றாம் நிலை என்றார்கள். சென்னையில் சிகிச்சை ஆரம்பித்தது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். கண்ணாயிரம் கூட்டிப்போய் வருகிறார். மணிமொழிக்கு லீவு கம்மி. எடுத்த லீவு அத்தனைக்கும் பயிற்சி தள்ளிப்போகும். மாடி அறைக்கே அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் யார் யாருடைய அம்மாக்களையோ பார்ப்பாள். ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. பெண் டாக்டராக இருந்ததால்தான் தொட்டவுடன் கண்டுபிடித்தாள், பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்கிறார்கள். என் கடைக்கு வருகிற கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் என்னிடமே சொல்கிறார்கள். கன்னியம்மாள்தான் அப்படிச் சொல்லிப் பரப்பியிருக்க வேண்டும். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு மணிமொழி எப்படி நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் கடைக்கு அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம், வாந்தி மாத்திரை வாங்க வந்தாள். பணத்தைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, அம்மா உங்கள ஒன்னு கேப்பாங்க. முன்னாடியே காட்டியிருந்தா சரியாயிருக்குமானு ரெண்டு தடவ என்ன கேட்டுட்டாங்க. இல்லம்மா, அப்பவே வந்திருந்தாலும் இதே வைத்தியந்தான்னு சொல்லியிருக்கேன். நம்பினாங்களானு தெரியல. உங்ககிட்ட கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க. தன்னாலதான்னு நெனச்சா அவங்க தாங்க மாட்டாங்க."

"அது நெசமாம்மா?" என்றேன், ஒரு நப்பாசையில்.

"இல்ல," என்றாள்.

நேற்று திங்கட்கிழமை. கன்னியம்மாள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மெதுவாகப் படியேறிக் கடைக்குள் வந்தாள். கூடவே வந்த மணிமொழி உள்ளே வரவில்லை. பஸ் ஸ்டாப் நிழலில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அம்மா என்னிடம் கேட்பதற்கு இடம் கொடுத்து விலகி நிற்கிறாள் என்று புரிந்தது. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். சொல்ல வேண்டிய பொய்யை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மணி உங்ககிட்ட எதனா கேட்டாளாண்ணா?" என்றாள் கன்னியம்மாள்.

"இல்லையேம்மா."

"கேப்பா. அவ தூங்கறதே இல்ல. என் பக்கத்துல படுத்துக்கினு முழிச்சிக்கினு கெடக்கறா. நானும் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கினு கெடக்கறேன்." மூச்சு வாங்கியது, நிறுத்தினாள். "அப்பவே காட்டியிருந்தா கொணமாயிருக்கும்ணா. மெட்ராஸ்ல பெரிய டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன், சொல்லிட்டாங்க. மணிகிட்ட சொல்லாதீங்கனு கேட்டுக்கினு வந்துட்டேன். அவ பரீட்சையாலதான் எனக்கு இப்படி ஆச்சுனு நெனச்சிட்டானா, அப்புறம் ஒரு நாளும் நிம்மதியா வைத்தியம் பாக்க மாட்டா. அவ வந்து கேட்டா, மொதல்லயே காட்டியிருந்தாலும் இதே கதிதான்னு சொல்லிடுங்க. இத்தினி நாள் மருந்து குடுத்தவரு நீங்க, நீங்க சொன்னா நம்புவா."

வாந்தி மாத்திரை அட்டையை எடுத்துக் கவரில் போட்டேன், மறுபடி வெளியே எடுத்துத் தேதி பார்த்தேன், மறுபடி போட்டேன். இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் படுக்கிறார்கள்.

"சொல்றேம்மா," என்றேன்.

அவள் கவரை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். மணிமொழி திரும்பினாள். அம்மா வந்து சேருவதற்குள், அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, சொல்லிவிட்டீர்களா என்று கண்ணால் கேட்டாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.